தண்டனை காணுமோ?

வன்னியில் "காணும்" என்றால் "போதும்" என்று பொருள். கறிக்கு உப்புக் காணும். சிறுபோகத்துக்கு இரணைமடுவில் தண்ணி காணாது. பத்திரிகையில் ஒரு தீர்ப்புச் செய்தி வந்தால் எங்கள் வாசிகசாலையில் முதலில் எழும்புவதும் இந்தச் சொல்தான்: "தம்பி, உந்தத் தண்டனை காணுமோ?" பிறகு கதை நீளும். சுட்டவனுக்கு மன்னிப்பு, அறை வாடகைக்குக் கொடுத்தவனுக்கு ஆயுள் என்று ஆளுக்கொரு வழக்கைச் சொல்லுவார்கள்.

அந்தக் கேள்வியைச் சட்டம் படிக்காத ஒருவர் எப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். நானும் சட்டத்தரணி இல்லை. தீர்ப்புகளை வாசித்து, வழக்கு நடக்கும் வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்திக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இலங்கைச் சட்டத்தில் "அரசியல் வன்முறை" என்ற பெயரில் குற்றம் கிடையாது. கொலை என்றால் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. இயக்கத்தோடு, அதாவது விடுதலைப் புலிகளோடு, தொடர்பு என்றால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். சித்திரவதை என்றால் 1994 இல் வந்த தனிச் சட்டம். அரசியல் நோக்கம் என்பது பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது. கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்ட கல், 1803 ஒக்ரோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததை நினைவுபடுத்துவது. அவர்களுக்கு அவன் கலகக்காரன். இன்று வவுனியா நகரில் அவனுக்குச் சிலை இருக்கிறது. "அரசியல் கைதிகள் என்று நாட்டில் எவரும் இல்லை" என்று அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்வதையும், அதே ஆட்களை நாங்கள் அப்படியே அழைப்பதையும் இந்த இடத்தில் வைத்துத்தான் விளங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் அரசியல் வன்முறை என்று நான் சொல்வது எல்லாப் பக்கத்தாரும் செய்ததை: இயக்கம் செய்தது, படை செய்தது, பொலிஸ் செய்தது.

இருநூறு வருடம்

2002 இலும் அதே ஒக்ரோபர் 31. கொழும்பு மேல் நீதிமன்றம் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு 200 வருடச் சிறைத் தண்டனை விதித்தது. 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கிக் கட்டடத்தை வெடிமருந்து லொறியால் தாக்கிய வழக்கு அது. 91 பேர் செத்தார்கள், காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். தீர்ப்பு வந்த அன்றைக்கே தாய்லாந்தில் அரசாங்கமும் புலிகளும் இரண்டாம் சுற்றுப் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். தண்டனை பெற்றவரோ அந்த வருடம் ஏப்ரலில் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர் முன்னால் அமர்ந்தவர். நீதிமன்றத்தின் கை, புலிகளின் பகுதி தொடங்கிய ஓமந்தைச் சோதனைச்சாவடியோடு நின்றுவிட்டது.

தாக்குதல் ஒன்று, 200 என்ற எண் எப்படி வந்தது? ஒரே சம்பவத்துக்குப் பல குற்றச்சாட்டுகளைப் போடலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தண்டனை விதிக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகக் கழிக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். "ஏககாலத்தில்" என்று சொன்னால் எல்லாம் ஒன்றாக ஓடும், மிக நீண்டது எதுவோ அதுதான் கணக்கு. இருபது வருடப்படி மூன்று குற்றச்சாட்டுகள் ஒரு விதத்தில் அறுபது வருடம், மற்ற விதத்தில் வெறும் இருபது. செய்தியில் பெரிய எண் ஒன்றைக் கண்டால் முதலில் இந்த "ஏககாலத்தில்" என்ற சொல்லைத் தேடுங்கள்.

நோர்வேயில் 2011 ஜூலை 22 இல் 77 பேரைக் கொன்ற பிரேவிக்குக்குக் கிடைத்தது 21 வருடம். கேட்டவுடன் கோபம் வரும். ஆனால் அது தடுத்து வைக்கும் வகைத் தண்டனை. அந்தக் காலம் முடியும்போதும் அவர் ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டால் நீட்டலாம், மறுபடியும் நீட்டலாம். அவர் உள்ளேதான் இருக்கிறார். எங்கள் 200 வருடத்தில் ஒரு நாள்கூடக் கழிக்கப்படவில்லை.

மரண தண்டனையும் இதே மாதிரித்தான். கொலைக்கு எங்கள் சட்டம் இன்றும் மரண தண்டனை என்கிறது, நீதிபதிகளும் விதிக்கிறார்கள். ஆனால் 1976 க்குப் பிறகு இலங்கையில் எவரையும் தூக்கில் போடவில்லை. போடும்படி நான் கேட்கவும் இல்லை. "மரண தண்டனை" என்ற தலைப்பைப் படித்ததும் அந்த ஆள் சாகப்போகிறார் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நடைமுறையில் அது முடிவு குறிக்காத சிறை.

தண்டனை எதற்காக?

நான்கு காரணம் சொல்லுவார்கள். செய்த குற்றத்துக்கு ஈடாக ஒரு துன்பம். மற்றவர்களைப் பயப்படுத்தித் தடுப்பது. ஆபத்தானவரை வெளியே விடாமல் வைப்பது. ஆளைத் திருத்துவது. ஒரு திருட்டு வழக்கில் நான்கும் ஓரளவுக்குச் சேர்ந்து வேலை செய்யும். அரசியல் வன்முறையில் நான்கும் நாலு பக்கம் இழுக்கும்.

பயப்படுத்துவதை மட்டும் எடுத்துப் பாருங்கள். கழுத்தில் சயனைட் குப்பி கட்டியிருந்த ஒரு பிள்ளையை இருபது வருடச் சிறை என்ன பயப்படுத்தும்? பிடிபடுவதற்கு முன்பே சாகத் தயாரானவருக்கு இருபதும் ஒன்றுதான், இருநூறும் ஒன்றுதான். மறுபக்கம், சோதனைச்சாவடியில் துவக்கோடு நிற்கும் சிப்பாயை நினையுங்கள். அவருக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஊரில் குடும்பம் இருக்கிறது. அவர் பயப்படக்கூடிய ஆள். ஆனால் சட்டப் புத்தகத்தில் எத்தனை வருடம் எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை, இதைப் பற்றி எவராவது தன்னைக் கேட்பார்களா என்றுதான் பார்க்கிறார். கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தால் புத்தகத்தில் தூக்கு என்று இருந்தும் பலன் இல்லை.

இத்தாலியில் பெக்காரியா என்பவர் 1764 இலேயே இதை எழுதிவிட்டார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் அல்ல, அது தப்பாமல் வரும் என்ற நிச்சயம். கெதியாக வரவும் வேண்டும் என்றார். எங்கள் நாட்டில் மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது. கடுமை தாராளமாக இருக்கிறது. நிச்சயமும் வேகமும் ஆளைப் பார்த்து வருகின்றன. என் அபிப்பிராயத்தில் "காணுமோ" என்ற கேள்வி சிக்குப்படுவது இங்கேதான். வருடங்களைக் கூட்டினால் ஏற்கெனவே தண்டனை பெறுகிறவருக்குத்தான் கூடும், ஒருபோதும் தண்டனை பெறாதவருக்குப் பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் பூச்சியம்தான்.

தீர்ப்புக்கு முன்பே தொடங்கும் தண்டனை

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரில் "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. 1982 இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அந்தச் சட்டத்தில் மூன்று விடயங்களை வன்னியில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது தடுப்புக் காவல். அமைச்சரின் உத்தரவில், நீதிமன்றத்தில் குற்றம் சாட்டாமலே மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை வைத்திருக்கலாம் என்று இருந்தது. 2022 திருத்தம் அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. அதற்குப் பிறகு விளக்கமறியல். பிணை கிட்டத்தட்ட நடக்காத காரியமாகத்தான் நீண்டகாலம் இருந்தது. குற்றப்பத்திரிகை வருவதற்கே வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்கள் எந்தத் தீர்ப்பிலும் தண்டனை என்று எழுதப்படுவதில்லை. பத்து வருடம் உள்ளே இருந்து கடைசியில் விடுதலையானவருக்குத் தண்டனை பூச்சியம் என்று பதிவு சொல்லும். கிளிநொச்சியில் விடியப்புறம் பஸ் ஏறி அநுராதபுரத்துக்கோ கொழும்பு மகசின் சிறைச்சாலைக்கோ தவணைக்குத் தவணை சாப்பாட்டுப் பார்சலோடு போய்வந்த அம்மாவிடம் போய் அந்தப் பூச்சியத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாவது வாக்குமூலம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியாகாது. இந்தச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலுள்ளவரோ பதிவு செய்தால் அது சாட்சி. அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் அடிவாங்கியவர். "உண்மை விளம்பல் விசாரணை" என்று செய்தியில் வருவது இதைத்தான்: வாக்குமூலம் சுயமாகக் கொடுக்கப்பட்டதா என்று பார்க்க வழக்குக்குள் நடக்கும் ஒரு சிறு வழக்கு.

சிங்கராசா வழக்கைச் சொன்னால் விளங்கும். 1993 இல் பிடிபட்ட அவருக்கு 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடம் விதித்தது. ஆதாரம் ஒரு வாக்குமூலம் மட்டும். அது அவரால் வாசிக்க முடியாத சிங்களத்தில் எழுதப்பட்டு, அவருடைய பெருவிரல் அடையாளத்தோடு இருந்தது. மேன்முறையீட்டில் 35 வருடமாகக் குறைந்தது. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. 2006 இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவின் முடிவு இங்கே செல்லாது என்றது. ஐம்பது, முப்பத்தைந்து என்ற எண்களை வைத்து "காணும், காணாது" என்று பேசுவதற்கு முன்னால், அந்த எண்ணுக்கு அடியில் என்ன சாட்சி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத ஐந்தாம் பிரிவு. ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்தது தெரிந்தும் பொலிஸுக்கு அறிவிக்காவிட்டால் ஏழு வருடம் வரை சிறை. கொழும்பில் இருந்து வாசித்தால் நியாயம் போலத் தெரியும். வன்னியில் அப்போது இயக்கத்துக்கு நீதிமன்றம் இருந்தது, காவல்துறை இருந்தது, வங்கி இருந்தது. வீட்டுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். எவரைத் தெரியாமல் எவர் வாழ்ந்தது? எழுத்தின்படி பார்த்தால் முழு வன்னியும் ஏழு வருடத்துக்குள் வந்துவிடும்.

அப்படி நடக்கவில்லை. 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து படையிடம் வந்தவர்களில் சுமார் 12,000 பேரை அரசாங்கம் வழக்குப் போடாமல் புனர்வாழ்வுக்கு அனுப்பியது. வவுனியா பூந்தோட்டம் போன்ற முகாம்களில் இருந்துவிட்டு, பலர் ஓரிரண்டு வருடத்தில் வீட்டுக்கு வந்தார்கள். அதுவும் சுதந்திரம் இல்லை, விசாரணை இல்லாத அடைப்புத்தான். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள்: களத்தில் நின்றவர் இரண்டு வருடத்தில் வீடு வர, 2007 இலோ 2008 இலோ கொழும்பில் ஒரு பொதியைக் கைமாற்றியதாகப் பிடிபட்டவர் ஆயுள் தண்டனைக் கைதி. இயக்கத்தின் கிழக்குத் தளபதியாக இருந்து பிரிந்த கருணா என்ற விநாயகமூர்த்தி முரளிதரன் 2009 இல் அமைச்சரானார். அவருக்குச் சிறை கிடைத்தது 2008 இல் இங்கிலாந்தில், வேறு பெயரில் இருந்த கடவுச்சீட்டுக்காக, ஒன்பது மாதம். எவ்வளவு பெரிய குற்றமோ அவ்வளவு பெரிய தண்டனை என்ற அளவுகோல், எப்போது, எங்கே, எவரிடம் பிடிபட்டாய் என்று மாறிவிட்டது.

மிருசுவில்

மிருசுவில் வன்னியில் இல்லை. ஆனையிறவு, பளை, முகமாலை, எழுதுமட்டுவாள் கழிய, தென்மராட்சியில் ஏ9 வீதியோரம் வரும். ஆனாலும் வாசிகசாலையில் அதிகம் எடுபடும் பெயர் அதுதான்.

2000 டிசெம்பர் 19 இல், இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் தங்கள் வீடுவளவைப் பார்க்கப் போனார்கள். படையினர் பிடித்தார்கள். ஒருவர் தப்பி வந்தார். மற்ற எட்டுப் பேரின் உடல்களும் பிறகு எடுக்கப்பட்டன. அதில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை. தப்பி வந்தவரின் சாட்சியோடு வழக்கு நடந்தது. ஐந்து படையினருக்கு எதிரான குற்றப்பத்திரிகை. 2015 ஜூனில் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை, மற்ற நால்வரும் விடுதலை. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். 2020 மார்ச் 26 இல், கொவிட் ஊரடங்கில் நாடு பூட்டிக் கிடக்க, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். தீர்ப்பு வர பதினாலரை வருடம். மேன்முறையீடு தள்ளுபடியாகி பதினொரு மாதத்தில் ஆள் வெளியே.

அந்தச் சட்டத்தில் இதற்கு மேல் கடுமையாக்க என்ன மிச்சம் இருந்தது? அதியுயர் தண்டனையைத்தான் விதித்தார்கள்.

அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை ஜனாதிபதிக்கு மன்னிக்கும் அதிகாரம் கொடுக்கிறது. மரண தண்டனைக் கைதி என்றால் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை எல்லாம் பெற வேண்டும். அந்த அதிகாரமே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். 2016 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன, தன்னைக் கொல்லத் திட்டமிட்ட வழக்கில் தண்டனை பெற்ற தமிழர் ஒருவரை மன்னித்து விட்டார். அங்கே மன்னித்தவர் பாதிக்கப்பட இருந்தவர். மிருசுவிலில் மன்னித்தவருக்கும் செத்த குழந்தைக்கும் என்ன உறவு? செத்தவர்களின் வீட்டாரை எவர் கேட்டது? மன்னிப்பையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்பது இப்போது உறுதியாகிவிட்டது. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 இல் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாதது என்று தீர்த்தது. மிருசுவில் மன்னிப்புக்கு எதிராகவும் மனுக்கள் போடப்பட்டன.

வட அயர்லாந்திலும் 1998 உடன்படிக்கையின் கீழ் நானூறுக்கும் மேற்பட்ட கைதிகளை, கொலைக் குற்றவாளிகள் உட்பட, இரண்டு வருடத்துக்குள் விட்டார்கள். செத்தவர்களின் குடும்பங்களுக்கு அது பெரிய வேதனை. ஆனால் இரு பக்கத்துக்கும் ஒரே விதி, மக்களிடம் வாக்கெடுத்த பிறகு, போர்நிறுத்தத்தைக் கடைப்பிடித்த இயக்கங்களின் ஆட்களுக்கு மட்டும். தண்டனையைக் குறைப்பதிலும் நியாயமான முறை ஒன்று இருக்கலாம்.

வேகத்துக்கு ஓர் உதாரணம் எங்கள் நாட்டிலும் இருக்கிறது. 1996 செப்டெம்பர் 7 இல் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாணவி கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச்சாவடியில் பிடிக்கப்பட்டு, வன்புணர்ந்து கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். ஊரும் உலகமும் விடாமல் கேட்டதால் 1998 ஜூலையிலேயே படையினருக்கு மரண தண்டனைத் தீர்ப்பு வந்தது, இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அப்போது தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச நீதிமன்றத்தில் எழுந்து, செம்மணியில் நூற்றுக்கணக்கானவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். 1999 இல் தோண்டியபோது 15 உடல்கள். 2025 இல் செம்மணி சித்துப்பாத்தியில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். நேரத்துக்கு நடந்த ஒரு விசாரணை தண்டனையோடு ஓர் உண்மையையும் கொண்டுவந்தது.

இயக்கம் செய்தவற்றுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டார்கள். வன்னியில் "துரோகி" என்று கூட்டிக்கொண்டு போனவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கைகளிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு மேன்முறையீடும் இருக்கவில்லை, பிறகு எந்த நீதிமன்றமும் கணக்குக் கேட்கவும் இல்லை. கட்டளை கொடுத்தவர்களில் பலர் செத்துப்போனார்கள். செத்தவருக்குத் தண்டனை இல்லை, ஆனால் நடந்ததைப் பதிய வேண்டிய கடமை செத்துப்போவதில்லை என்று நான் நம்புகிறேன்.

இனிக் கூட்டலாமா?

"புதுச் சட்டம் போட்டு பழைய ஆட்களுக்குக் கூட்டிப் போடலாம்தானே?" என்று கேட்பார்கள். முடியாது. அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை, குற்றம் நடந்தபோது இருந்த தண்டனையைவிடக் கூடுதலாக விதிக்கக்கூடாது என்கிறது. நாடுகள் எல்லாம் குற்றம் என்று ஏற்றுக்கொண்டவற்றுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. போர்க்குற்றம் பற்றிய வாதங்கள் அந்த வாசலால்தான் நுழையப் பார்க்கின்றன. வலிந்து காணாமல் ஆக்குவதற்கு எதிரான 2018 சட்டம் இருபது வருடம் வரை சிறை என்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் போராட்டம் இருக்கத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20 இல், அந்தச் சட்டம் வருவதற்கு முதல் வருடம். அவர்களின் பிள்ளைகள் போனது அதற்கும் பல வருடம் முன்பு. காணாமல் ஆக்குவது, ஆள் எங்கே என்று தெரியும்வரை தொடர்ந்து நடக்கும் குற்றம் என்பது சர்வதேசச் சட்டத்தின் நிலைப்பாடு. எங்கள் நீதிமன்றங்களில் அதை வாதாடித்தான் பெற வேண்டும்.

கடைசியாக, மிகக் குறைவாகப் பேசப்படும் ஒரு பிரிவு. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456 ஆவது பிரிவு. கொலைக்கும் இராஜத்துரோகத்துக்கும் எத்தனை வருடம் கழித்தும் வழக்குப் போடலாம். வேறு விசேட ஏற்பாடு இல்லாத மற்றக் குற்றங்களுக்கு, குற்றம் நடந்து இருபது வருடத்தோடு அந்த உரிமை முடிகிறது. சித்திரவதைச் சட்டம் ஏழு முதல் பத்து வருடம் வரை சிறை என்று கடுமையாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் 2009 மேயில் ஒருவரை அடித்து முறித்திருந்தால், 2029 மேயோடு கதவு சாத்தப்படும் ஆபத்து இருக்கிறது.

ஆகவே வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி, செஞ்சிலுவைச் சங்கம் தந்த அட்டை, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்ட இலக்கம், அப்போது எழுதிய கடிதத்தின் பிரதி என்று எது வீட்டில் இருந்தாலும் பொலித்தீனில் சுற்றி, கறையான் எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோய்த் திகதியைக் காட்டி, எங்களுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேளுங்கள்.